முத்தலும் பிஞ்சும்: உழவர் சந்தையில் என் ஞாயிறுகள்

முதல் ஞாயிறு நான் வாங்கி வந்த வெண்டைக்காயை அம்மா முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். நாலு ஒடிந்தது. மற்றதெல்லாம் வளைந்தது. "இதை விதைக்கு வெச்சுக்கலாம்டா கண்ணு" என்றார். அப்புறம் சுரைக்காயைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க வாங்குனே?" என்று கேட்டார்.

"உழவர் சந்தையிலம்மா."

"உள்ளயா, வெளியயா?"

அந்தக் கேள்வியே எனக்குப் புரியவில்லை. கோவையில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். வண்டியில் போனால் பத்து நிமிடத்தில் உழவர் சந்தை. ஆனாலும் காய்கறி வாங்குவது மனைவியின் பொறுப்பாகவே இருந்துவிட்டது. அவருக்கு ஷிப்ட் மாறி ஞாயிறு காலையும் வேலைக்குப் போக வேண்டி வந்த பிறகுதான், 46 வயதில், நான் பையைத் தூக்கினேன்.

அன்று எட்டரை மணிக்குப் போனேன். சந்தை வாசலுக்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள், தரையில் விரித்த சாக்குகள், பின்கதவைத் திறந்து போட்டு வியாபாரம் நடக்கும் மினி வேன்கள். வண்டி நிறுத்த இடம் தேடவே கால் மணி நேரம் ஆனது. நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே தக்காளி தெரிந்தது, வாங்கினேன். அதற்குப் பக்கத்தில் வெண்டை, வாங்கினேன். பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். சந்தைக்குள் காலே வைக்கவில்லை.

வெளியே விற்பவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களும் விடிவதற்கு முன்பே மொத்த மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை எடுத்து வந்து பிழைப்பவர்கள். ஆனால் உள்ளே எழுதிப் போட்டிருக்கும் விலை அவர்களைக் கட்டுப்படுத்தாது. இந்தக் காய் எந்த ஊரில், எப்போது பறித்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புதிதாகப் போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிடாமல் வாசலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் என்னைப் போல ஏமாறுகிறவர்களை இன்றைக்கும் வாரம் நாலு பேரையாவது பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிறு உள்ளே போனேன். நுழைந்ததும் பெரிய பலகை, அதில் அன்றைய விலை காய் வாரியாக. அதைப் பார்த்தும் பார்க்காமலும் முதல் கடையில் கத்தரிக்காய்க்கு விலை கேட்டேன். முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் சொன்னார். "கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்றேன். காய்கறி வாங்கும்போது அப்படிக் கேட்க வேண்டும் என்று எங்கோ மனதில் பதிந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. முகவாயை மட்டும் பலகைப் பக்கம் திருப்பி, "போர்டுல என்னங்க போட்டிருக்குது?" என்றார். அவர் சொன்னது பலகையில் இருந்ததை விட இரண்டு ரூபாய் குறைவு.

அந்த விலை எப்படி வருகிறது என்பதைப் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் மொத்த மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலையை விட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளியே சில்லறைக் கடையில் விற்பதை விட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக என்பது கணக்கு. மண்டியில் போட்டால் கிடைப்பதை விட அவருக்கு நாலு காசு அதிகம். கடையில் கொடுப்பதை விட நமக்கு நாலு காசு மிச்சம். நடுவில் தரகர் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். பஞ்சாபில் 1987-லேயே அப்னி மண்டி என்று இப்படி ஒன்று வந்துவிட்டது. ஆந்திராவின் ரைத்து பஜார் 1999 தொடக்கத்தில் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்தார். பெரியவருக்கு அந்த வருடமே நினைவிருக்கிறது. "அட்டை வாங்கி இருவது வருசத்துக்கு மேலாச்சுங்க" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். போட்டோ ஒட்டிய அட்டை. தோட்டத்துக்கு ஆள் வந்து, நிலம் இருக்கிறதா, என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அதைக் கொடுப்பார்களாம். போட்டோவில் இருந்தவருக்கு மீசை கறுப்பாக இருந்தது.

சரி, பேரத்துக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் இவ்வளவு பேர் ஒரே பலகை, ஒரே விலை என்று விற்கும் இடத்தில், ஒருவர் நல்ல காயோடும் நான் முத்தலோடும் வீடு திரும்புவது எப்படி? இதற்கு விடை பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. பக்கத்தில் நின்று வாங்கும் பெண்களைக் கவனித்ததில்தான் பிடிபட்டது. அவர்கள் யாரும் "எவ்வளவு" என்று ஆரம்பிப்பதே இல்லை. "எப்பப் பறிச்சதுங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதிரில் நிற்பவர் தானே விளைவித்து, தானே பறித்து, தானே பஸ் ஏற்றிக் கொண்டுவந்தவர். அவரிடம் கேட்கக் கூடியது எவ்வளவோ இருக்கும்போது நான் விலையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேட்க ஆரம்பித்ததும் முதலில் கற்றது நேரம். கீரை விற்கும் ஒரு அம்மா, வயது எழுபது இருக்கும், எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது மணிக்குப் போய் சிறுகீரை கேட்டபோது, மிச்சமிருந்த இரண்டு கட்டையும் காட்டி, "நேரமே வாங்க சாமி. இது நீங்க வாங்கற கீரை இல்ல, நாங்க மாட்டுக்குப் போடற கீரை" என்றார். இந்தப் பக்கத்தில் நேரமே என்றால் சீக்கிரமே என்று அர்த்தம்.

இப்போது ஆறு மணிக்கெல்லாம் உள்ளே இருப்பேன். ஆறிலிருந்து ஏழு வரை காய் நிறைய, கூட்டம் குறைவு. விற்பவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அப்போது போய் "தோட்டம் எங்கங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவர்கள் பையாலேயே இடிப்பார்கள். ஒன்பதரைக்கு மேல் இன்னொரு சந்தை ஆரம்பமாகும். தோட்டத்தில் தண்ணீர் கட்டப் போக வேண்டும், மாடு கறக்க வேண்டும் என்று கிளம்பும் அவசரத்தில் மிச்சக் காயைக் கூறு கட்டிவிடுவார்கள். கூறு பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று போகும். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் அது நல்ல கொள்முதல்தான். வாரம் முழுவதற்கும் வாங்குபவர்களுக்கு ஆகாது.

ஆகாது என்பதைத் தக்காளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் பத்து மணிக்கு, பழுத்த தக்காளி ஒரு கூடை, ஆறு கிலோவுக்குக் குறையாது, நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தது. கூடையோடு பையில் கவிழ்த்துக்கொண்டு, அதன் மேல் பூசணிக்கீற்றும் வைத்து, வேகத்தடை நிறைந்த ரோட்டில் வந்து சேர்ந்தேன். பையைத் திறந்தபோது பாதி சட்னி. மீதியை ப்ரிட்ஜில் அடைத்தேன். மூன்றாம் நாள் ப்ரிட்ஜைத் திறந்த மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் காலை தக்காளிச் சட்னி, மதியம் தக்காளி ரசம், ராத்திரி தக்காளித் தொக்கு. மகன் வியாழக்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அதன் பிறகு தக்காளி வாங்கும் முறையே மாறிவிட்டது. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் சொன்ன வழி. இரண்டு கிலோ வாங்கினால் அதில் அரைக் கிலோ பழம், முக்கால் கிலோ செங்காய், மிச்சம் இன்னும் பச்சை தெளியாதது. பழத்தை இன்றும் நாளையும் தீர்த்துவிட வேண்டும். செங்காய் புதன் வரைக்கும் வரும். பச்சையாக இருப்பதை ப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வைத்தால் பழுப்பதும் நின்றுபோகும், மணமும் போய்விடும். கூடையில் பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் தானாகப் பழுக்கும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, புளிப்பு அதில்தான். வாரக் கடைசி வரை தாங்க வேண்டும் என்றால் தோல் தடித்த பெங்களூர்த் தக்காளி. இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்வேன்.

நசுங்காமல் கொண்டுவர அம்மா ஒரு வழி சொன்னார். மூடி போட்ட பழைய தூக்குப் போசியைக் கையில் கொடுத்துவிட்டார். பால் வாங்கப் போகிறவன் மாதிரி போசியோடு சந்தையில் நிற்க முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது தக்காளிக்காரர், என் தலை தெரிந்ததும் "போசியக் குடுங்க" என்று கையை நீட்டிவிடுவார். பைகள் என்றால் மூன்று போதும். ஒன்றில் பூசணி, தேங்காய், வெங்காயம் போன்ற கனமானவை. ஒன்றில் மற்ற காய்கள். கீரைக்குத் தனியாக ஒரு மெல்லிய துணிப்பை, அதை வண்டியின் கொக்கியில் தொங்கவிட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. கையை வீசிக்கொண்டு போனால் மஞ்சப்பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அப்படிச் சேர்ந்த மஞ்சப்பை பதினொன்று இருக்கிறது.

சில்லறை. இதைச் சொல்லாமல் விட முடியாது. காலை ஆறு மணிக்கு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவரை யாருக்கும் பிடிக்காது. பாதிப் பேர் இப்போது கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள், ஆனால் பணம் மகனின் கணக்குக்குப் போகும், மகன் தூங்கிக்கொண்டிருப்பான், வந்ததா என்று அவர்களுக்குத் தெரியாது. நம் போனில் வரும் டிக்கைக் காட்டினால் நம்பித் தலையாட்டுவார்கள். அந்த நம்பிக்கையைப் பார்த்த பிறகு நான் சனிக்கிழமையே பத்தும் இருபதுமாக மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் வெண்டைக்காய்.

அம்மா செய்ததைப் பார்த்து, நுனியை ஒடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று நானும் முடிவு செய்திருந்தேன். ஒரு ஞாயிறு ஒரு அக்காவின் குவியலில் உட்கார்ந்து பட் பட்டென்று ஒடித்து, ஒடிந்ததைப் பையிலும் வளைந்ததைத் திரும்பக் குவியலிலும் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனுங்ணா, நீங்க ஒடிச்சுப் போட்டா அதை அடுத்து யாருங்க வாங்குவாங்க? மதியத்துக்குள்ள நுனி கறுத்துப் போயிருமில்ல?" என்றார். சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் முறத்தில் வைத்து ஒடிப்பது வேறு. இங்கே குவியலில் இருப்பது அவர் நேற்றுக் குனிந்து குனிந்து பறித்தது.

அன்றுதான் வாயைத் திறந்து, "எனக்குப் பார்த்து எடுக்கத் தெரியலைங்க. நீங்களே எடுத்துப் போடுங்க, பொரியலுக்கு, இன்னைக்கே செய்யறோம்" என்றேன். மளமளவென்று எடுத்துப் போட்டார். வீட்டில் அம்மா ஒடித்த அத்தனையும் ஒடிந்தது. இந்த இரண்டு வருடத்தில் நான் கற்றதில் பெரியது இது என்றே நினைக்கிறேன். எதற்கு வாங்குகிறோம், என்றைக்குச் சமைக்கப் போகிறோம் என்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும். "புதன்கிழமை சாம்பாருக்கு" என்றால் வேறு காய் எடுக்கிறார்கள். "நாளைக்கு விருந்தாளி வர்றாங்க" என்றால் வேறு. மொட்டையாக "ஒரு கிலோ போடுங்க" என்றால் மேலே இருப்பதை அள்ளிப் போடுவார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு பேர் இதிலும் கழிசலைத் தள்ளிவிடுவார்கள்தான். அடுத்த வாரம் அவர்கள் கடையைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஒடிக்காமல், கீறாமல் பார்க்க வழிகள் இருக்கின்றன. வெண்டை விரல் நீளத்தைத் தாண்டினால் முத்தலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், நாட்டு வெண்டை மட்டும் விதிவிலக்கு. கத்தரிக்காயில் காம்பு பச்சையாகவும் தோல் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனம் குறைந்ததை எடுக்க வேண்டும், கனத்ததில் விதை ஏறியிருக்கும். ஓட்டை இருந்தால் உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்று அர்த்தம். முருங்கைக்காயை இரண்டு கையிலும் பிடித்து லேசாக முறுக்கினால் கயிறு மாதிரி திரும்ப வேண்டும். விறைத்துக்கொண்டு நின்றால், மேலே முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால், சக்கைதான் மிஞ்சும். சுரைக்காயை நகத்தால் கீறுகிறவர்களைப் பார்க்கிறேன், கீறிய இடத்தில் அழுகல் ஆரம்பிக்கும். தோலில் பூனை முடி மாதிரி மெல்லிய சுணை தடவினால் தெரிகிறதா என்று பார்த்தால் போதும், இருந்தால் பிஞ்சு.

சுரை, பீர்க்கு, வெள்ளரி மூன்றுக்கும் ஒரு எச்சரிக்கை. நறுக்கியதும் சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போட்டுவிட வேண்டும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற பொருளால் வருவது, வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பாகற்காய்க் கசப்பு மாதிரி உடம்புக்கு நல்லது என்று நினைத்து சுரைக்காய்ச் சாறாகக் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. இதில் விற்பவரைக் குறை சொல்லவும் முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

சின்ன வெங்காயம் தனிக் கதை. தொண்டாமுத்தூர்ப் பக்கத்து வெங்காயம் புதிதாக வரும்போது அப்படி ஒரு நிறம், விலையும் இறங்கியிருக்கும். முதல் வருடம் அதைப் பார்த்துப் பத்து கிலோ வாங்கிப் பையோடு சமையலறை மூலையில் வைத்தேன். பத்தே நாளில் பாதி அழுகல், மீதி முளை. அடுத்த தடவை விற்றவரிடம் போய்ப் புலம்பியபோது சிரித்தார். "புதுக்காயிங்க அது. ஈரம் இருக்கும். நாங்களே பட்டறை போட்டுத்தான் வெக்கறோம், நீங்க பையில போட்டு மூட்டை கட்டுனா?" காட்டிலேயே தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, மூங்கில் பரப்பி, மேலே ஓலை வேய்ந்து, நாலு பக்கமும் காற்று புகுந்து போகும்படி வெங்காயத்தைக் குவித்து வைப்பதுதான் பட்டறை. விலை ஏறும்வரை மாதக் கணக்கில் அதிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்து வந்த பழைய காய் கையில் எடுத்தால் சரசரக்கும், கழுத்து ஒட்டி உலர்ந்திருக்கும், விலையும் கூட இருக்கும். சேர்த்து வைக்க அதுதான். புதுக்காய் என்றால் ஒரு வாரத்துக்கு மட்டும், அதையும் முறத்தில் பரப்பித்தான் வைக்கிறோம். உருளைக்கிழங்கோடு சேர்த்துப் போடுவதில்லை.

மருந்து பற்றி எல்லோரும் கேட்பார்கள். இலையில் ஓட்டை இருந்தால் மருந்து அடிக்காதது என்று நானும் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டை போட்ட பூச்சியைப் பார்த்த பிறகுகூட மருந்து அடித்திருக்கலாமே? "ஆர்கானிக்கா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லத் தோன்றும். "கடைசியா எப்பங்க மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கத்தரிக்காய்ப் பெரியவரிடம் அப்படிக் கேட்டேன். "கத்திரி மருந்தடிக்காம வராதுங்க. அடிச்சுப் பத்து நாளாச்சு, அதுக்கப்புறந்தான் பறிச்சோம்" என்றார். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று ஒரு கணக்கு உண்டு, அது மருந்துக்கு மருந்து மாறும். அதைக் கடைப்பிடிக்கிறேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவரிடம் வாங்குவதில் எனக்கு ஒரு தைரியம் இருக்கிறது. காய்களை நிறையத் தண்ணீரில் அலசித்தான் நறுக்குகிறோம், அது வேறு.

பட்டியல் எழுதிக்கொண்டு போவதை இப்போது விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் மனைவி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலில் முருங்கைக்காய் என்று இருந்தால், எப்பாடுபட்டாவது முருங்கைக்காய் வாங்கிவிடுவேன். கார்த்திகை மழையில் மூன்றே கடையில் முருங்கை இருக்கும், ஒரு காயின் விலைக்குச் சித்திரையில் ஒரு கட்டே கிடைக்கும். அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காயும் பூசணியும் தேடினாலும் இதே கதைதான். புரட்டாசியில் அசைவம் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் சந்தைக்கு வந்துவிடுவதால் எதையுமே தாமதமாகப் போய் வாங்க முடியாது. மழை பெய்த மறுநாள் கீரை மண்ணும் சேறுமாக வரும், இரண்டாம் நாளே அழுகும். இதெல்லாம் விற்பவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. நான் காசு கொடுத்துக் கற்றேன்.

ஆகவே இப்போது வாங்காமல் ஒரு சுற்று. வெறும் கையோடு, ஐந்து நிமிடம். எந்தக் காய் எல்லாக் கடையிலும் குவிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரத்தின் காய். விலையும் இறங்கியிருக்கும், காயும் நன்றாக இருக்கும். அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்து, "அவரை வந்திருக்கு, பச்சைத் துவரையும் வந்திருக்கு" என்றால், வாரத்தின் சமையல் அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். மார்கழி முடிந்து தை பிறக்கும் சமயத்தில் சந்தைக்குப் போகாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மொச்சை, அவரை, துவரை என்று பந்தலும் காடும் மொத்தமாக இறங்கி வந்து உட்கார்ந்திருக்கும். பச்சைத் துவரையை உரித்துப் போட்டு அம்மா செய்யும் அரிசியும் பருப்பும் சாதத்துக்காக நான் அந்த ஒரு மாதம் எல்லா வேலையும் செய்வேன், உரிப்பது உட்பட.

கேள்வி கேட்பதால் சம்பந்தமில்லாத விஷயங்களும் தெரியவரும். புடலங்காய் இவ்வளவு நேராக எப்படி வளர்கிறது என்று ஒருவரிடம் கேட்டேன். பிஞ்சிலேயே நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். "கல்லு கட்டலீன்னா பாம்பாட்டஞ் சுருண்டுக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து இதை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தது அவர்தானாம்.

போன மாதம் அம்மா தானும் வருவதாகச் சொன்னார். முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. ஆறரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வெளிக்கடைகளைத் தாண்டும்போது, "இங்க வாங்கக் கூடாதும்மா" என்று அவர் எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். அவர் காதில் வாங்காமல், சாக்கில் முருங்கைக் கீரை வைத்திருந்த ஒரு கிழவியின் முன்னால் நின்றுவிட்டார். "இதென்ன மண்டியிலயா வந்துச்சு, அவ ஊட்டு மரத்துல ஒடிச்சதுடா" என்றார். பேரம் வேறு பேசினார். இருபது ரூபாய்க் கட்டு பதினைந்துக்கு வந்தது, கூடவே கொசுறாக ஒரு கை கருவேப்பிலை. இரண்டு வருடத்தில் எனக்கு அவ்வளவு கருவேப்பிலையை யாரும் கொசுறு கொடுத்ததில்லை.

உள்ளே போனதும் கீரை அம்மாவிடம் நான்தான் அறிமுகம் செய்துவைத்தேன். சிறுகீரை இரண்டு கட்டு வாங்கி நான் கையில் பிடித்துக்கொண்டேன். "எந்த ஊருங்க?" என்று அம்மா கேட்டார். நரசீபுரம் என்றார் அவர். நரசீபுரத்தில் யார் தோட்டத்துக்குப் பக்கம், அவருக்கு இவர் என்ன வேண்டும், இவருடைய அக்காவை எங்கே கட்டிக்கொடுத்தது என்று போய், கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒரு சம்பந்தி வீடு கிடைத்துவிட்டது. கீரை அம்மா சாக்கை நகர்த்தி இடம் போட்டார். அம்மா முட்டி வலியை மறந்து உட்கார்ந்துவிட்டார். வியாபாரத்தை ஒரு கையால் பார்த்துக்கொண்டே அவர் பேச, மூன்று பைகளும் போசியும் இரண்டு கட்டுக் கீரையுமாக நான் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறியது. வாங்க வந்தவர்கள் என்னிடம் "இது என்ன விலைங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் பலகையைக் காட்டினேன்.

வீடு வந்து சேர ஒன்பதேகால் ஆகிவிட்டது. அம்மா முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிறுகீரைக் கட்டைப் பிரித்தார். ஒரு தண்டைத் தூக்கிப் பிடித்தார், அது தலையைத் தொங்கப் போட்டது.

"ஏன்டா கண்ணு, இப்படி வாடிக் கெடக்குது? எந்நேரத்துக்குப் போய் வாங்குனே?"